கேன்வாஸில் ஸ்லைட் இறக்குவதைத் தவிர வேறு என்ன செய்கிறீர்கள்?

நூலகப்பூனை:
ஆகஸ்டில் இரண்டாம் ஆண்டு தொடங்குகிறேன். முதல் ஆண்டு முழுக்க பல்கலைக்கழகத்தின் இணையப் பாடத் தளமான கேன்வாஸைத் திறந்தது இரண்டே வேலைக்கு: ஸ்லைட் இறக்க, 11.59க்குள் அசைன்மெண்ட் போட. 2018லேயே சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு மாணவர் கற்றல் தளம் என்ற இணையத் தளம் வந்துவிட்டது, 2020 ஏப்ரலில் வீட்டிலிருந்தே பாடம், அதனால் எங்களுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் கலந்துரையாடல் பகுதியில் கேள்வி கேட்க யாருக்கும் மனம் வருவதில்லை, எல்லாம் டெலிகிராம் குழுவில்தான். உங்கள் பக்கமும் இப்படித்தானா?

டியூட்டோரியல்காரன்:
இப்படியேதான் தம்பி. மதிப்பெண் உண்டு என்றால் மட்டும் எழுதுவார்கள், அதுவும் "நல்ல கருத்து, ஒத்துக்கொள்கிறேன்" என்று முப்பது பேர். அதையெல்லாம் வாசிக்கிற எனக்கே கொட்டாவி வரும். தப்பு பிள்ளைகள் மேல் மட்டும் இல்லை, அங்கே கேட்டால் ஆசிரியர் மூன்று நாள் கழித்துப் பதில் போட்டால் யார் கேட்பார்கள்? ஆனால் பேனாப்டோவில், அதாவது விரிவுரை வீடியோப் பதிவில், தேடல் பெட்டி இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. ஒரு சொல்லைத் தட்டினால் அதைப் பேசிய இடத்துக்கும், ஸ்லைடில் அது வந்த இடத்துக்கும் நேராகப் போய்விடலாம், இரண்டு மணி நேரத்தையும் ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

இரவு வகுப்பு:
நான் பகுதிநேர மாணவி, பகலில் வேலை. பிள்ளை தூங்கிய பிறகு பத்து மணிக்குத்தான் பாடம், பதிவு மட்டும் இல்லையென்றால் எப்போதோ விட்டிருப்பேன். என் எரிச்சல் வேறு. ஒருவர் எல்லாவற்றையும் மாட்யூல்ஸில் வைக்கிறார், ஒருவர் ஃபைல்ஸில், இன்னொருவர் அறிவிப்புக்குள் ஒளித்து வைக்கிறார். தளத்தைக் கற்றுக்கொள்வதா, ஆசிரியரின் பழக்கத்தைக் கற்றுக்கொள்வதா? தம்பி, நோட்டிஃபிகேஷன் அமைப்பில் அறிவிப்பை மட்டும் 'உடனே' என்று வை, மற்றதெல்லாம் தினசரித் தொகுப்பு போதும்.

கடைசி பென்ச்:
குவிஸ் நடுவில் வேறு டேப் திறந்தால் ஆசிரியருக்குத் தெரியுமாமே?

டியூட்டோரியல்காரன்:
பக்கத்தை விட்டு விலகியது பதிவாகும், ஆசிரியர் பார்க்கலாம். ஆனால் அதை மட்டும் வைத்து காப்பி அடித்ததாகச் சொல்ல முடியாது, இணையம் அறுந்தாலும் அப்படிக் காட்டலாம்.

நூலகப்பூனை:
நன்றி அண்ணே, அக்கா. தேடல் பெட்டியை இப்போதுதான் பார்த்தேன். எங்கள் பேராசிரியர் சிங்லிஷில், அதாவது சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலத்தில், பேசுவதை பேனாப்டோ தானாக எழுத்தாக்கும்போது என்னவாக எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன், ஸ்லைடில் இருக்கும் சொற்கள் மட்டும் ஒழுங்காகக் கிடைக்கின்றன.