பாப்பாவின் இதய ஆபரேஷன்: பணம் தவிர என்னென்ன வேண்டும்

ஊர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கீழத்தெரு தம்பியின் நான்கு மாதக் குழந்தைக்கு அடுத்த வாரம் சென்னையில் இதய ஆபரேஷன். செய்தி வந்த அன்றே, எவ்வளவு அனுப்ப வேண்டும், யார் கணக்கில் போட வேண்டும் என்று கேட்டுப் பலர் எழுதிவிட்டீர்கள். நம்ம ஊர் மனசு அப்படித்தான், அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் குவைத்தில் குழந்தைகள் ஐசியூவில் நர்ஸாக வேலை பார்ப்பவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் வாரம் ஆளும் பணமும் தானாக வந்து சேரும். மூன்றாவது வாரம் அந்த அப்பாவும் அம்மாவும் வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருப்பார்கள். நாம் ஏற்பாடு செய்ய வேண்டியது அந்த மூன்றாவது வாரத்துக்கு.

முதலில் நோயைப் பற்றி. ஆளுக்கொரு விதமாகப் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். பாப்பாவுக்கு இதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் நடுவில் உள்ள சுவரில் பெரிய ஓட்டை. பிறந்த புதிதில் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் அதிகமாக இருப்பதால் வெளியில் ஒன்றும் தெரியாது. சில வாரங்களில் அந்த அழுத்தம் இறங்கும்போது ரத்தம் நுரையீரல் பக்கம் அதிகமாகப் பாய ஆரம்பிக்கும். பால் குடிக்கும்போது மூச்சு வாங்கும், நெற்றி வியர்க்கும், எடை ஏறாது. இந்தக் குழந்தைக்கும் அப்படித்தான் ஆனது. தடுப்பூசி போடப் போன இடத்தில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் கவனித்து அனுப்பியது பெரிய விஷயம். பிறக்கும் 1000 குழந்தைகளில் சுமார் 8 பேருக்கு ஏதாவது ஓர் இதயக் குறை இருக்கிறது. பெரும்பாலும் இதுதான் காரணம் என்று ஒன்றைக் கைகாட்ட முடியாது. அதனால் கிரகணத்தன்று வெளியே வந்தாளா, பிறந்த நேரம் சரியில்லையா என்று அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இதைச் சொல்லிவையுங்கள். பச்சை உடம்புக்காரி, ஏற்கெனவே தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டு அழுகிறாள்.

பணம். ஆபரேஷன் செலவு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை அந்தத் திட்டம் கொடுக்கிறது. விஏஓவிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு எல்லாம் தயார், முன் அனுமதியும் வந்துவிட்டது. ஆக, காப்பீடு பார்க்காத செலவுகளுக்குத்தான் நாம் வேண்டும். மருத்துவமனைக்குப் பக்கத்தில் அறை வாடகை, சாப்பாடு, ஆட்டோ, ஊருக்கும் சென்னைக்கும் போய்வரும் செலவு. எல்லாவற்றையும்விட முக்கியம், தம்பியின் லோடு ஆட்டோ தவணை. வண்டி ஓடாத மாதத்திலும் ஃபைனான்ஸ்காரர் வருவார். ஒரே ஒருவர் முன்வந்து இரண்டு மூன்று மாதத் தவணையை ஏற்றுக்கொண்டால், குழந்தை வீடு திரும்பும்போது வண்டியும் வாசலில் நிற்கும்.

அனுப்பும் முறையிலும் கவனம் வேண்டும். நம் சங்கத்துக்கு வெளிநாட்டு நன்கொடை பெறும் பதிவு கிடையாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள், ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் அட்டை) கையில் இருந்தாலும், சங்கக் கணக்கில் போட்டால் சட்டச் சிக்கல் வரும். லண்டன், சிங்கப்பூர்ச் சொந்தங்கள் தயவுசெய்து சங்கக் கணக்கில் போடாமல், ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தம்பியின் கணக்கிலும் எல்லோரும் கொட்ட வேண்டாம். உறவுக்காரர் அல்லாதவர்கள் தரும் தொகை எல்லாம் சேர்ந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் அது அவருடைய வருமானமாகக் கணக்கில் வரும். அறை வாடகை மாதிரிச் செலவுகளைப் பொருளாளர் வழியாக அந்தந்த இடத்திலேயே கட்டிவிடுவது நல்லது.

இன்னொன்று, குழந்தையின் போட்டோ, ரிப்போர்ட், தம்பியின் போன் நம்பர் எதையும் வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள். இப்படிப்பட்ட செய்தியில் கணக்கு எண்ணை மட்டும் மாற்றி ஊரெல்லாம் வசூல் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

ரத்தம் தேவைப்படும். சென்னையில் படிக்கிற, வேலை பார்க்கிற நம் பையன்களும் பெண்களும் தயாராக இருக்க வேண்டும். வயது 18க்கு மேல், எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5க்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆண்கள் கடைசியாகக் கொடுத்து 90 நாள், பெண்கள் 120 நாள் ஆகியிருக்க வேண்டும். அப்பா, சித்தப்பா என்று நெருங்கிய ரத்த உறவுகளின் ரத்தத்தைக் குழந்தைக்கு நேரடியாக ஏற்றுவதைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். ரத்தம் ஒத்துப்போவது போலத் தோன்றினாலும் அபூர்வமாகப் பெரிய ஆபத்து வரலாம். அதனால் உறவு அல்லாத ஊர்ப் பிள்ளைகள்தான் இங்கே உண்மையான உதவி. எல்லோரும் ஒரே நாளில் போய் நிற்காமல் ரத்த வங்கி கேட்கும்போது இரண்டிரண்டு பேராகப் போங்கள்.

அம்மாவைப் பற்றி யாருமே எழுதவில்லை. ஆபரேஷனுக்கு 4 மணி நேரம் முன்பு தாய்ப்பாலை நிறுத்தச் சொல்வார்கள். குழந்தை பசியில் வீறிட்டு அழும், அவளுக்கோ மார்பு கட்டும். அந்த நேரம் அவளோடு ஒரு பெண் இருந்தே ஆக வேண்டும், குழந்தையை வாங்கித் தோளில் போட்டு நடக்க. அப்புறம் வென்டிலேட்டரில் இருக்கும் நாட்களில் குழந்தை நேரடியாகக் குடிக்க முடியாது. இரண்டு மூன்று மணிக்கொரு தரம், ராத்திரியிலும், பாலை எடுத்துக்கொண்டே இருந்தால்தான் வற்றாது. அதற்கு நல்ல பம்ப் ஒன்றை நான் அனுப்புகிறேன். அவளுக்கு நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும், ஓட்டல் பரோட்டா அல்ல. தாம்பரத்தில் இருக்கும் பெரியம்மா வீட்டிலிருந்து பகலில் சோறும் ரசமும் கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களால் தினமும் முடியாது, முறை போட்டுக்கொள்ள இன்னும் இரண்டு வீடு வேண்டும். ஆப்பிள், ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு கூட்டமாகப் போவது வேண்டாம். சளி, இருமல் உள்ளவர்கள் மருத்துவமனைப் பக்கமே போகாதீர்கள்; நமக்குச் சாதாரண ஜலதோஷம், அந்தக் குழந்தைக்கு நுரையீரல் வரை போகும்.

முதல் தடவை ஐசியூவில் குழந்தையைப் பார்க்கும்போது பெற்றவர்களுக்குக் கால் தளரும். முகமும் கண்ணும் வீங்கியிருக்கும், வாயில் குழாய், நெஞ்சில் குழாய், கழுத்தில் ஊசி, சுற்றிலும் மணியடிக்கும் பெட்டிகள். வீக்கம் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வடியும். எந்தக் குழாய் எதற்கு என்று தம்பிக்கும் அவன் மனைவிக்கும் முன்கூட்டியே நான் போனில் சொல்லிவைக்கிறேன். நீங்கள் அவர்களைத் தைரியமாக இரு, அழாதே என்று அதட்ட வேண்டாம். அழட்டும்.

தம்பிக்குப் போன் செய்வதையும் நிறுத்த வேண்டும். ஐந்து நாட்டிலிருந்து ஐம்பது பேர் ஒரே கேள்வியைக் கேட்டால், டாக்டர் சொல்வதைக் காதில் வாங்க அவனுக்குத் தெம்பு இருக்காது. அவனுடைய மச்சான் தினமும் ராத்திரி ஒரு தடவை நமக்கு நிலவரம் எழுதுவார். அவர் எழுதாத நாளில் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் மூத்தது இரண்டாம் வகுப்பு படிக்கிறது, அப்பத்தாவோடு இருக்கிறது. அப்பத்தாவுக்கு முழங்கால் வலி. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட, கறவை மாட்டைப் பார்த்துக்கொள்ள, பாலைச் சொசைட்டியில் ஊற்ற ஆள் வேண்டும். பக்கத்து வீட்டில் உங்கள் அப்பா, அம்மா இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்தப் பிள்ளை தம்பிப் பாப்பா எங்கே என்று கேட்டால் உண்மையைச் சின்னதாகச் சொல்லட்டும், கதை கட்ட வேண்டாம்.

சிங்கப்பூரில் இருக்கும் தாய்மாமனுக்கு: ஆபரேஷன் அன்றைக்கு வந்து நிற்கத் துடிக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் அன்றைக்கு அங்கே கூட்டம் இருக்கும். உங்கள் லீவைக் குழந்தை வீடு திரும்பும் வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் மருந்து அளவு, எடை, மறுபரிசோதனைப் பயணம் எல்லாம் அவர்கள் தலையில் விழும். பாப்பாவைப் பார்க்க வருகிறவர்கள் கம்புக்கூட்டில் கை வைத்துத் தூக்கிவிடாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு. நெஞ்செலும்பு கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், அதுவரை தலைக்கும் இடுப்புக்கும் அடியில் கை கொடுத்து அள்ளித்தான் எடுக்க வேண்டும். காதுகுத்துக்கு நீங்கள்தான் மடி கொடுக்க வேண்டும், தெரியும். ஆனால் இதய டாக்டர் சரி என்று சொல்லும் வரை தேதி குறிக்க வேண்டாம். குலதெய்வம் காத்திருக்கும்.

இப்போது நிரப்ப வேண்டியவை: லோடு ஆட்டோ தவணைக்கு ஒருவர், சென்னையில் சாப்பாட்டு முறைக்கு இரண்டு வீடு, மூன்றாவது, நான்காவது வாரங்களில் ராத்திரித் துணைக்குத் தம்பியோடு மாறி மாறிப் படுக்க நான்கு பையன்கள். வெள்ளிக்கிழமைக்குள் பொருளாளருக்கு எழுதுங்கள், எனக்கும் ஒரு நகல் போடுங்கள்.

வாத்தியார் வீட்டு மகள்,
குவைத்