ஹோமர் புறாப் பெட்டைகள் முட்டையே வைக்க மாட்டேங்குது, என்ன செய்யலாம்? (பட்டர்வொர்த், பினாங்கு)

பாகான் புறாக்காரன்:
வணக்கம் அண்ணன்மார்களே. மாடியில ஹோமர், அதான் பந்தயப் புறா, வளர்க்கிறேன். அடுத்த பந்தயத்துக்குக் குஞ்சு வேணும்னு தீபாவளிக்கு முன்னாடியே ஜோடி போட்டாச்சு. இப்போ கிறிஸ்மஸ் நெருங்குது, முட்டையைக் காணோம். ஆண்கள் குமுறிக்கிட்டு பெட்டையை விரட்டுதுங்க. விளக்குமாத்து ஈர்க்கைத் தூக்கிட்டுப் போய்க் கூட்டுச் சட்டியில அடுக்குதுங்க. பெட்டை கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு எழுந்து வந்துடுது. ஒரே ஒரு பெட்டை வச்சது தோல்முட்டை, விரல் பட்டாலே அமுங்குது. பெல்ஜியம்காரங்க வீடியோவுல டிசம்பர்ல லைட் போட்டு முட்டை எடுக்கிறாங்க. நானும் ராத்திரி பூரா லைட் போடவா? தீனி மக்காச்சோளம், கொஞ்சம் நெல். மழைச்சாரலுக்காகச் சுத்தி கேன்வாஸ் கட்டியிருக்கேன்.

பி.எம். பெரியவர்:
தம்பி, ராத்திரி பூரா லைட் வேண்டவே வேண்டாம், தூக்கம் கெட்ட பெட்டை எங்கே முட்டை வைக்கும்? பெல்ஜியத்துல டிசம்பர் பகல் 8 மணி நேரம்தான். அதனால அவங்க விளக்குப் போட்டு வெளிச்சத்தை 14, 16 மணி நேரத்துக்கு நீட்டுறாங்க. வெளிச்சம் கூடினா வசந்தம் வந்துட்டதா புறாவோட உடம்பு எடுத்துக்கும். பினாங்குல எல்லா மாசமும் பகல் கிட்டத்தட்ட 12 மணி நேரம். சூரியன் குறை வைக்கலை, உங்க கேன்வாஸ்தான் மறைக்குது. சாரல் வராத பக்கம் முதல்ல அவிழ்த்து விடுங்க. கிழக்கு வெயில் உள்ளே விழணும்.

அப்புறம் ஒவ்வொரு பெட்டையையும் கையில பிடிச்சு இறக்கையை விரிச்சுப் பாருங்க. வெளிப்பக்கம் பெரிய இறகு 10 இருக்கும். நடுவுலேர்ந்து நுனிப் பக்கமா ஒண்ணொண்ணா உதிர்ந்து முளைக்கும். கடைசி ரெண்டு இன்னும் குருத்தா இருக்கா?

பாகான் புறாக்காரன்:
பார்த்தேன் அண்ணே. பாதிப் பெட்டைக்குக் கடைசி இறகு குருத்துதான், அடியில நீலமா ரத்தம் தெரியுது. தரையில கழுத்து இறகு மெத்தை மாதிரி கிடக்கு.

பி.எம். பெரியவர்:
அப்போ விஷயம் அதுதான். தின்ற சத்தெல்லாம் இறகுக்குப் போகுது. ஆணையும் பெட்டையையும் பிரிச்சு, ஒண்ணை ஒண்ணு பார்க்காத மாதிரி வையுங்க. இறகு முடிஞ்சதும் திரும்பச் சேர்த்தா வேகம் தானா வரும். நல்ல நிலையில இருக்கிற ஜோடி சேர்ந்து 8லேர்ந்து 12 நாளுக்குள்ள முட்டை வச்சிடும்.

செந்தூல் அக்கா:
தோல்முட்டைக்கு நான் சொல்றேன் தம்பி. எங்கப்பா காலத்துலேர்ந்து வீட்டுல புறா இருக்கு. அது சுண்ணாம்புச் சத்துக் குறை. சோளத்துலயும் நெல்லுலயும் அது ரொம்பக் கம்மி. சிப்பி ஓட்டை இடிச்சு, மணல் கலந்து தனிக் கிண்ணத்துல வையுங்க (இதைத்தான் கிரிட்னு சொல்வாங்க), கணவாய் ஓடும் தொங்க விடலாம். மழையில நனைஞ்சா உடனே மாத்திடணும், ஈரக் கிரிட்டைப் புறா தொடாது. கிரிட் மட்டும் போதாது, வெயில் படலைன்னா வைட்டமின் டி3 இல்லாம சுண்ணாம்பு உடம்புல ஒட்டாது. சோளத்தைக் குறைச்சு பச்சைப்பயறு, பட்டாணி சேருங்க. வெறும் சோளம் தின்ன பெட்டைக்குக் கொழுப்புதான் ஏறும்.

இன்னொண்ணு. பெட்டை இறகைச் சிலுப்பிக்கிட்டு, வாலைத் தாழ்த்தி முக்கிக்கிட்டே உட்கார்ந்திருந்தா முட்டை அடைச்சிருக்குன்னு அர்த்தம். சூடான இடத்துல வச்சு அன்னைக்கே மிருக டாக்டர்கிட்ட காட்டிடுங்க. வயித்தை அமுக்கக் கூடாது, உள்ளே உடைஞ்சா பெட்டை போயிடும்.

கெப்போங் ரேசர்:
எதுக்கு இவ்வளவு? ஹார்மோன் மாத்திரை ஒண்ணு போட்டா வச்சிடும் ப்ரோ.

பி.எம். பெரியவர்:
வேண்டாம் தம்பி. இறகு உதிர்க்கிற பெட்டையை அப்படி முடுக்கினா முட்டை வந்தாலும் குஞ்சு சவலையாத்தான் வரும். ஒரு பந்தயத்துக்காக நல்ல பெட்டையைப் பாழாக்கிடாதீங்க.

பாகான் தம்பி, முட்டை வைக்காத ஜோடியில ரெண்டும் குமுறிச் சுத்துதான்னும் பாருங்க. ரெண்டுமே ஆணா இருந்தா எத்தனை மாசம் ஆனாலும் முட்டை வராது. ரெண்டும் பெட்டைன்னா ஒரே சட்டியில 4 முட்டை கிடக்கும், ஒண்ணும் பொரியாது. ராத்திரி எலி, பூனை, முசாங் (மரநாய்) வந்து போகுதான்னும் கவனிங்க. பயந்த பெட்டை சட்டியில தங்காது.

பாகான் புறாக்காரன்:
பொங்கல் முடிஞ்சு எழுதுறேன். கிழக்குப் பக்கக் கேன்வாஸை எடுத்துட்டு, சாரலுக்குக் கம்பிவலை மேல கூரையை நீட்டினேன். பெட்டைகளைப் பிரிச்சு வச்சு, இறகு முழுசா வந்ததுங்களை மட்டும் சேர்த்தேன். நேத்து சாயங்காலம் நீலப் பெட்டை ஒரு முட்டை வச்சிருக்கு, ஓடு கெட்டி! ஆனா மேல உட்காராம பக்கத்துல நிக்குது. எடுத்து வச்சிடவா?

செந்தூல் அக்கா:
ரொம்பச் சந்தோஷம் தம்பி! தொடாதீங்க, அது சகஜம்தான். முதல் முட்டை சாயங்காலம் வரும், ரெண்டாவது சுமார் 44 மணி நேரம் கழிச்சு, அதாவது நாளைக்கு மத்தியானம் வாக்குல. அதுக்கப்புறம்தான் அழுத்தி அடை உட்காரும். பகல்ல ஆண் உட்காரும், சாயங்காலத்துலேர்ந்து மறுநாள் காலை வரைக்கும் பெட்டை. ரெண்டாவது முட்டைத் தேதியைச் சட்டியில எழுதி வையுங்க, அதிலேர்ந்து 17, 18 நாள்ல பொரிக்கும். அஞ்சாறு நாள் கழிச்சு டார்ச் வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, உள்ளே சிவப்பு நரம்பு ஓடினா கரு பிடிச்சிருக்கு.