சவூதி வெல்டர் வேலை: ஈசிஆர் பாஸ்போர்ட், "ஆசாத் விசா", முன்பணம் 40,000. கொடுக்கலாமா?

திருவொற்றியூர்_தேரடி கேட்டது:
தம்பிக்கு 26 வயசு, எட்டாவது பாஸ். எண்ணூர்ல ஃபேப்ரிகேஷன் ஷெட்ல வெல்டர், 6ஜி பைப் (சாய்வா அசையாம நிக்கிற பைப்பைச் சுத்தி ஒட்டற கஷ்டமான வெல்டிங்) ஓட்டுவான். பாஸ்போர்ட்ல ஈசிஆர்னு, அதாவது வேலைக்குப் போக அரசு அனுமதி வேணும்னு இருக்கு. மண்ணடியில ஒரு ஏஜென்ட் சவூதிக்கு ஆசாத் விசா இருக்கு, மொத்தம் 1,40,000, அங்க போய் எங்க வேணா வேலை பாத்துக்கலாம்ன்றார். முன்பணம் 40,000, மெடிக்கல் இந்த வாரமே போடணுமாம். நம்பலாமா? ஈசிஆரை முதல்ல எடுத்துடறது நல்லதா?

ராயபுரம்_கல்மண்டபம்:
பணம் கொடுக்காதீங்க சார். ஆசாத் விசான்னு சவூதி சட்டத்துல ஒண்ணும் கிடையாது. ஏதோ ஒரு கஃபீல் (ஸ்பான்சர் முதலாளி) பேர்ல எடுத்த விசாவைக் கூறு போட்டு விக்கறாங்க, அவ்வளவுதான். கஃபீலை விட்டுட்டு வெளிய வேலை பார்த்தா தொழிலாளர் சட்டம் 39-வது பிரிவு மீறல். அந்த ஆள் "ஹுரூப்" போட்டுட்டான்னா, அதாவது தொழிலாளி ஓடிட்டான்னு பதிவு பண்ணிட்டான்னா, பிடிபட்டு ஊருக்கு ஏத்திவிடற நிலைமைதான். 40-வது பிரிவுல விசா, இகாமா (தங்கற அனுமதி), வேலை அனுமதிச் செலவெல்லாம் முதலாளி தலையில. ஆசாத்ல போறவன்கிட்ட இகாமா புதுப்பிக்கிற ஒவ்வொரு தடவையும் கறப்பாங்க.

ஏஜென்ட்கிட்ட விசா நம்பர், ஸ்பான்சர் ஐடி, விசாவுல இருக்கற தொழில் மூணையும் கேளுங்க. தொழில் அரபில இருக்கும், போன் கேமராவைக் காட்டினா மொழிபெயர்த்துடும். "லஹ்ஹாம்"னா வெல்டர். "ஆமில்"னு மட்டும் இருந்தா வெறும் கூலியாள். வாயால வெல்டர்னு சொல்லி ஆமில் விசாவுல ஏத்தறதுதான் வழக்கமான வேலை. சம்பளம் அங்கயே அடிபடும். ஷெட்ல எவ்வளவு நல்லா வெல்டிங் போட்டாலும் அந்தத் தாள்ல இருக்கற சொல்லுதான் பேசும்.

வண்ணாரப்பேட்டை_கணக்கு:
ஈசிஆர்னதும் நம்மூர்ல பாதிப் பேருக்கு மாமல்லபுரம் போற ரோடுதான் ஞாபகம் வரும். இது எமிகிரேஷன் செக் ரெக்வயர்டு. சவூதி, குவைத், அமீரகம், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போறதுக்கு முன்னால அரசு அனுமதி வாங்கணும், மத்திய அரசோட இமைக்ரேட் தளத்துல நடக்கும்.

முதல்ல அந்தத் தளத்துல ஏஜென்ட் பேர், உரிம எண் இருக்கான்னு பாருங்க. இன்னொருத்தர் உரிமத்தைக் காட்டற சப் ஏஜென்ட்டுனா எழுந்து வந்துடுங்க. உரிமம் இருக்கறவரே அதிகபட்சம் 30,000, அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 35,400தான் வாங்கலாம், ரசீதோட. அதுக்கு மேல கேக்கறது சட்ட விரோதம். பிரவாசி பாரதிய பீமா காப்பீடு ரெண்டு வருஷத்துக்கு 275, மூணு வருஷத்துக்கு 375. கவரேஜ் 10 லட்சம். அனுமதிக் கட்டணம் 200. புறப்படறதுக்கு முன்னால ஒருநாள் பயிற்சி வகுப்பு இருக்கு.

ஈசிஆரை நீக்க பத்தாவது பாஸ் சான்றிதழ் வேணும். தனித்தேர்வரா எழுதினாலும் செல்லும். ஐடிஐ காட்டலாமான்னு கேப்பீங்க. ரெண்டு வருஷப் படிப்பா இருக்கணும், வெல்டர் ட்ரேடு ஒரு வருஷம்தான், ஃபிட்டர்னா ஓகே. வருமான வரி ரிட்டர்ன்ல நில் காட்டினா ஒத்துக்க மாட்டாங்க, வரி கட்டின அத்தாட்சி வேணும். தகுதி இருந்தா பாஸ்போர்ட் மறு வெளியீட்டுக்கு 1,500. ஆனா இப்ப அவசரப்பட வேண்டாம்னு தோணுது. ஈசிஆர் இருந்தா ஒப்பந்தம் அரசுப் பதிவுல ஏறும், நாளைக்கு சம்பளம் நின்னா கையில ஆதாரம் இருக்கும்.

தொண்டையார்பேட்டை_6ஜி:
மெடிக்கலை இப்ப போடாதீங்க. வளைகுடா நாடுகளுக்கான மெடிக்கல் பதிவுத் தளமான வாஃபித்துல 10 டாலர் கட்டி பதிவு பண்ணணும், பரிசோதனைக் கட்டணம் சென்டர்ல தனி. விசா வராம முன்னாடியே போட்டா சான்றிதழ் காலாவதியாகி, ரெண்டாவது தடவையும் காசு போகும். நெஞ்சு எக்ஸ்ரேல பழைய டிபி தழும்பு இருந்தா, நோய் எப்பவோ குணமாகியிருந்தாலும் அன்ஃபிட்தான். ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவியும் பார்ப்பாங்க. சந்தேகம்னா முதல்ல வெளிய ஒரு சாதா எக்ஸ்ரே எடுத்துப் பாத்துக்கங்க.

வெல்டருக்கு சவூதியோட திறன் சரிபார்ப்புத் தேர்வு கட்டாயம். எழுத்து, செய்முறை ரெண்டும் உண்டு, சான்றிதழ் 5 வருஷம் செல்லும். 6ஜி வருதேன்னு அலட்சியமாப் போய் எழுத்துல கோட்டை விடறவங்க இருக்காங்க. கண்ணாடி, கையுறை, தீயணைப்பான் மாதிரி பாதுகாப்புக் கேள்விகளைப் படிச்சுட்டுப் போகச் சொல்லுங்க. போலீஸ் சான்றிதழுக்குன்னு தனியா காசு கேட்டா ஏன்னு கேளுங்க. இந்தியர்களுக்கு அது வேண்டாம்னு 2022 நவம்பர்லயே சவூதி தூதரகம் அறிவிச்சிடுச்சு.

திருவொற்றியூர்_தேரடி:
ரொம்ப நன்றிண்ணே. விசா நம்பர் கேட்டதும் பேச்சை மாத்திட்டார். இப்ப துபாய் விசிட் விசா 90,000, அங்க போய் வேலை விசாவா மாத்திக்கலாம்ன்றார். பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருக்கு, பேர் மட்டும்தான்.

வண்ணாரப்பேட்டை_கணக்கு:
ரெண்டு பக்கமும் அடி. ஈசிஆர் பாஸ்போர்ட்ல விசிட் விசாவோட வேலைக்குப் போறது தெரிஞ்சா மீனம்பாக்கத்துலயே இறக்கிவிடுவாங்க, டிக்கெட் காசும் போச்சு. ஒத்தைப் பேர் பாஸ்போர்ட்டுக்கு அமீரகம் 2022 நவம்பர் 21-ல இருந்து விசிட் விசாவுல கெடுபிடி. அப்பா பேரை சர்நேமா சேர்க்கறதுனா இப்பவே சேர்த்துடுங்க. தேர்வு, மெடிக்கல், விசா எல்லாத்துலயும் ஒரே எழுத்து இருக்கணும், பின்னால மாத்தினா எல்லாத்தையும் திரும்ப எடுக்கணும். வேலைக்கு கிண்டியில தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்துல தம்பியைப் பதிவு பண்ண வைங்க.