புதுப்பிப்பு: மாமல்லபுரம் - புதுச்சேரி சைக்கிள் பயணம், எதிர்க்காற்றுக்கு வழி கிடைத்தது

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரிக்கு எதிர்க்காற்றில் மாட்டாமல் எப்படிப் போவது, வழியில் எதைப் பார்ப்பது என்று கேட்டிருந்தேனே, போய்விட்டு வந்தாச்சு, எல்லோருக்கும் நன்றி. "கோடை வேண்டாம், தை மாதம் போங்க" என்ற யோசனைதான் கைகொடுத்தது. வடகிழக்குக் காற்று முதுகில் தள்ளியதால் தெற்கே மிதிப்பதில் அலுப்பே தெரியவில்லை. கடப்பாக்கத்தில் கடல் பக்கம் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. 1760இல் ஆங்கிலேயர் தகர்த்தது போக மிஞ்சிய செங்கல் சுவர்கள், ஒட்டினாற்போல் காயல். எதிர்பாராதது மணல்தான், கோட்டைக்குப் பக்கத்தில் மெல்லிய டயர் புதைகிறது, இறங்கித் தள்ளணும். மரக்காணம் உப்பளம், கழுவேலி ஏரிப் பக்கம் நிழல் குறைவு, தண்ணீர் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், வந்ததும் செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், உப்புக்காற்றில் சீக்கிரம் துருவேறும்.