கிணத்து உணரி பற்றித் தெரிஞ்ச ஆக்கள் உதவுங்கோ: அறிவியல் சிறுகதைக்கு

வணக்கம். 2035 இல் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் நடக்கிற கதை. தோட்டக் கிணறுகள் எல்லாத்திலும் தண்ணியின் உப்பை அளக்கிற உணரி (சென்சர்) பூட்டியிருக்கு. உப்பு கூடக் கூடத் தண்ணியின் மின்கடத்துதிறனும் கூடும்; அது கூடினால் ஏஐ மோட்டரை நிப்பாட்டும். சுண்ணாம்புக்கல்லுக்குள்ள நன்னீர் உப்புநீருக்கு மேல மிதக்குது. நன்னீர் மட்டம் ஒரு அடி இறங்கினால், உப்பு எல்லை கீழயிருந்து ஏறத்தாழ 40 அடி மேல வரலாம். நிலாவரைக் கிணத்தின் ஆழத்தில் உப்பு எண்டது தெரிஞ்ச விசயம்தானே.

முடிச்சு இதுதான். எங்கட தண்ணியில் சுண்ணாம்பு கூட. கேத்தில் அடியில் படியிற அதே வெள்ளைப் படிவு உணரியின் இரண்டு மின்வாயிலும் (தண்ணிக்குள்ள மின்சாரம் விடுற முனைகள்) படியும். படிஞ்சால் அளவீடு குறைச்சுக் காட்டும். கிணறு உவராகிக்கொண்டு போக, ஏஐ "நல்ல தண்ணி" எண்டு நம்பி வெங்காயத்துக்கு இறைச்சுக்கொண்டே இருக்கும். அயல் கிணறுகளோட ஒப்பிட்டாலும் பிடிபடாது, எல்லாம் ஒரே கிழமையில் பூட்டினவை.

இந்தப் படிவு அளவீட்டைக் கெடுக்க எத்தினை கிழமை செல்லும்? வினாகிரியில் ஊறவைச்சால் போதுமோ, ஐதான அமிலம் வேணுமோ? நாலு மின்வாய் உணரியில் இந்தப் பிழை குறைவு. அதை வாங்காமல் விட்டதுக்கு விலை மட்டும் நம்பத்தக்க காரணமோ? வெங்காயம் செய்யிற ஆக்களிட்ட ஒரு கேள்வி: உவர் ஏறினால் முதலில் தாள் நுனி கருகுமோ, இல்லை நாக்குக்குத்தான் முதலில் தெரியுமோ? கதையின் முடிவு இந்தப் பதிலில்தான் நிக்குது. கிணத்துக்குள்ள உணரி இறக்கிக் கழுவின ஆக்கள் கட்டாயம் எழுதுங்கோ.