கியூஆர் கோடு வீடியோ, நெட் இல்லாத வகுப்பில் ஓடுமா?

கேள்வி: தமிழ்நாடு பாடநூல், ஏழாம் வகுப்பு அறிவியல். கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. வகுப்பறையில் சிக்னல் சுத்தமாக இல்லை. புரொஜெக்டர் இருக்கிறது. வழி உண்டா?

பதில் 1: முந்தைய நாளே சிக்னல் உள்ள இடத்தில், தீக்‌ஷா என்ற அரசுப் பாடச் செயலிக்குள்ளிருந்தே ஸ்கேன் செய்து பதிவிறக்குங்கள். போன் கேமராவில் ஸ்கேன் செய்து பிரவுசரில் திறந்தால் ஆஃப்லைனுக்கு உதவாது. அச்சு மங்கலா? கோடின் கீழுள்ள ஆறு எழுத்துக் குறியீட்டைத் தேடலில் தட்டுங்கள்.

பதில் 2: அது மட்டும் போதாது சார். யூடியூப் இணைப்பாக உள்ள பாடங்கள் நெட் இல்லாமல் ஓடாது. ஏரோபிளேன் மோடில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

பதில் 3: போனைப் புரொஜெக்டரில் இணைக்க டைப்-சி எச்டிஎம்ஐ அடாப்டர் வாங்குமுன் போனைப் பாருங்கள். விலை குறைந்த போன்கள் பலவற்றில் அந்த சார்ஜ் துளை வழியாகப் படம் வெளியே வராது. சார்ஜும் ஃபைல் மாற்றமும்தான். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். புரொஜெக்டரில் ஸ்பீக்கர் இல்லையென்றால் அதுவும் தனியாக வேண்டும்.