எங்கள் ஒழுங்கை (குழு)

டீச்சர் அக்கா, மாலை 6:52
பாண் ஓட்டோ இன்றும் வழக்கம்போல போஸ்ட் மாமி வீட்டுப் படலையில் நின்றது. மாமியும் வழக்கம்போல ஒரு இறாத்தல் வாங்கினார். வாங்கிவிட்டு, "பிள்ளை, பாதி எடுக்கிறீரா? அவர் இல்லாமல் இது முடியுதில்லை" என்றார். நான் "வேண்டாம் மாமி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

கடை அண்ணை, 6:58
போஸ்ட்மன் மாமா காலமாகி 31ஆம் நாள் வரைக்கும் அந்த வீட்டில் நிற்க இடமில்லை. அந்தியேட்டிக் கிரியைக்குக் கன்னியா வெந்நீர் ஊற்றுக்கு இரண்டு வான் நிறையப் போனோம். கதிரைகளைத் திருப்பிக் கொடுத்ததோடு நாங்களும் போகிறதை விட்டுவிட்டோம். உண்மை அதுதான்.

ஓட்டோ தம்பி, 7:03
எனக்குப் போக விருப்பம்தான். மாமாவின் பேச்சை எடுத்தால் மாமி அழுவாரே என்று பயம்.

பெரியக்கா, 7:10
அழட்டும் தம்பி. 2004 மார்கழி 26 சுனாமியில் என் வீட்டுக்காரரைக் கடல் கொண்டுபோன பிறகு எல்லோரும் "சாப்பிட்டாச்சா" என்று கேட்டார்கள். அவர் பேரை ஒருவரும் சொல்லவில்லை. எல்லோரும் அவரை மறந்துவிட்டார்களோ என்றுதான் நான் அதிகம் தவித்தேன். ஒருநாள் மீன்காரர், "அண்ணை விரும்பிக் கேட்கிற சூடை இருக்கு அக்கா" என்றார். படலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அன்று இரவுதான் ஒழுங்காக நித்திரை வந்தது.

பெரியக்கா, 7:12
"காலம் வந்தது போய்விட்டார், மனதைத் தேற்றுங்கோ" என்று மட்டும் சொல்லாதீங்கோ. அது அந்த நேரம் வயிற்றெரிச்சலைத்தான் தரும்.

நர்ஸ் தங்கச்சி, 7:21
பெரியக்கா சொல்வது சரி. துக்கத்துக்கு ஐந்து படி என்று எல்லோரும் சொல்கிறார்கள். மனநல மருத்துவர் குப்ளர் ராஸ் 1969 இல் அதை எழுதியது சாகப்போகும் நோயாளிகளைப் பார்த்து. இழந்தவர்கள் அப்படி வரிசையாக ஏறிப் போவதில்லை. ஒருநாள் சிரிப்பார்கள், மறுநாள் எழும்ப மாட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலே குறைந்தது 6 மாதம் கடந்து, அன்றாட வாழ்க்கையும் முடங்கினால்தான் அதை நோய் என்கிறது. மாமிக்கு இன்னும் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆனால் சாப்பாட்டை விட்டாலோ, "நானும் போகவேண்டும்" என்று சொன்னாலோ பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே எனக்குச் சொல்லுங்கோ. 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கும் எடுக்கலாம்.

ஓட்டோ தம்பி, 7:25
"ஏதும் தேவை என்றால் சொல்லுங்கோ" என்று செத்தவீட்டிலேயே சொன்னேன். மாமி ஒன்றும் கேட்கவில்லை.

பெரியக்கா, 7:27
அப்படிச் சொன்னால் யார் வாய்விட்டுக் கேட்பார்கள்? என்ன செய்யப் போகிறாய் என்று நீயே சொல்லு. மாமாவின் பென்சன் அலுவலாக மாமி பிரதேச செயலகத்துக்குப் போகவேண்டும்.

ஓட்டோ தம்பி, 7:29
சரி. திங்கள் காலை 8:30க்குப் படலையில் நிற்பேன்.

டீச்சர் அக்கா, 7:34
ஆடி அமாவாசையும் வருகிறது. அன்று மாமியைத் தனியே விடக்கூடாது. கோணேசர் தீர்த்தத்துக்கு நான் கூட்டிப் போகிறேன்.

போஸ்ட் மாமா மகள் (கனடா), 8:31
இங்கே காலை 11 மணி. வேலையில் இருந்துகொண்டு எல்லாம் வாசித்தேன். வீடியோவில் கேட்டால் அம்மா ஒவ்வொரு நாளும் "நான் சுகம்" என்றுதான் சொல்வார். பாண் கதை எனக்குத் தெரியாது. அப்பாவைப் பற்றி யாருக்காவது ஏதாவது ஞாபகம் இருந்தால் எனக்கும் எழுதுங்கோ. இங்கே அவரைத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை.

கடை அண்ணை, 8:46
பிள்ளை, எங்கள் அண்ணன் வெளிநாடு போய் எட்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. கடிதம் வந்தது ஒரு மழைநாள் பின்னேரம். விடியும்வரை வைத்திருக்க உங்கள் அப்பாவுக்கு மனம் வரவில்லை. சேர்ட்டுக்குள் வைத்து, சைக்கிளில் வந்து, எங்கள் அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் போனார். சைக்கிள் போன தடம் முற்றத்துச் சேற்றில் அடுத்தநாளும் கிடந்தது.

போஸ்ட் மாமா மகள் (கனடா), 8:49
இதை அப்பா ஒருநாளும் சொல்லவில்லை அண்ணை.

டீச்சர் அக்கா, மறுநாள் மாலை 6:40
பாதிப் பாண் வாங்கியாச்சு. மாமி சம்பலுக்குத் தேங்காய் துருவுகிறார். அண்ணை, அந்தக் கடிதக் கதையைச் சொல்ல உங்களை வரட்டாம்.